தில்லியிலிருந்து ஒரே நாளில் பழைய கால்வாய் லாக் பார்க்க எங்கே போகலாம்?

எட்டாம் வகுப்புப் பையன் பனாமா கால்வாய்ப் பாடத்தைப் படித்துவிட்டு, "தண்ணியில கப்பல் எப்படி மேல ஏறும்?" என்று துளைத்தெடுக்கிறான், ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காட்டிவிட்டு வருகிற மாதிரி பழைய லாக் ஏதாவது பக்கத்தில் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நீர்ப்பாசன வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கதவு திறந்து மூடி, படகு ஏறி இறங்குகிற லாக்கை இந்தப் பக்கத்தில் எதிர்பார்க்காதீர்கள். தில்லியைச் சுற்றியிருக்கும் கால்வாய்களில் படகுப் போக்குவரத்து நின்று ரொம்பக் காலம் ஆகிறது. ஆனால் அது ஏன் வந்தது, ஏன் போனது என்பதை இடத்திலேயே நின்று புரிந்துகொள்ளலாம். யமுனைக் கரையில் இருக்கும் ஓக்லா அதற்குச் சரியான இடம். லாக்கின் உருவத்தைத் தேட வேண்டுமென்றால் மீரட் பக்கம் கங்கைக் கால்வாய்க்குப் போக வேண்டும். அந்தப் பயணத்துக்கு எந்த நாள் போகிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பையனின் கேள்வி. இதை வீட்டிலேயே தெளிவாக்கிவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் அங்கே போய் அவன் பார்ப்பது வெறும் செங்கல் சுவராகத்தான் இருக்கும். லாக் என்பது இரண்டு கதவுகளுக்கு நடுவில் ஒரு தண்ணீர் அறை. மேல்பக்கக் கால்வாயின் மட்டம் உயரம், கீழ்ப்பக்கம் தாழ்வு. கீழேயிருந்து படகு வந்தால் கீழ்க்கதவு வழியாக அறைக்குள் வரும். அந்தக் கதவை மூடிவிட்டு, மேல்பக்கமிருந்து ஒரு சின்ன மதகைத் திறப்பார்கள். தண்ணீர் உள்ளே வர வர, அறையில் மட்டம் ஏறும், படகும் கூடவே ஏறும். மேல்பக்க மட்டமும் அறை மட்டமும் ஒன்றானதும் மேல்கதவைத் திறந்தால் படகு தன் வழியே போய்விடும். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். பம்பு எதுவும் வேண்டாம். எல்லா வேலையையும் தண்ணீரின் எடையே செய்கிறது.

இதில் பையன் ரசிக்கக்கூடிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. லாக் கதவுகள் இரட்டைக் கதவுகள். மூடும்போது நேர்க்கோட்டில் மூடாமல், தண்ணீர் வரும் திசையைப் பார்த்துக் கூம்பு போல முட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுகும். இரண்டு மீட்டர் மட்ட வித்தியாசம் இருந்தால், கதவின் ஒவ்வொரு மீட்டர் அகலத்தின் மேலும் குறைந்தது இரண்டு டன் விசை. மூன்று மீட்டர்க் கதவு என்றால் ஆறு டன்னுக்குக் குறையாது. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. அதனால்தான் முதலில் சின்ன மதகால் மட்டத்தைச் சமமாக்குகிறார்கள். சமமானபின் ஓரிரண்டு ஆள் தள்ளினால் போதும். இந்தக் கூம்புக் கதவைப் பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் மிலான் கால்வாய்களில் வேலை செய்த லியனார்டோ டாவின்சியின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இரண்டு கதவு வைத்த அறை அதைவிடப் பழையது. சீனாவில் 984-ஆம் ஆண்டிலேயே சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி கட்டிவிட்டார்.

இன்னொரு கணக்கையும் அவனைப் போடச் சொல்லுங்கள். அறை 30 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், மட்ட வித்தியாசம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நிரப்பி இறக்கினால் 300 கன மீட்டர், அதாவது மூன்று லட்சம் லிட்டர், மேலேயிருந்து கீழே போய்விடும். கோடையில் நம் காலனிக்கு வருகிற பத்தாயிரம் லிட்டர் டேங்கரில் முப்பது. பனாமாவில் கப்பல் கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் ஏறி இறங்குகிறது. ஒரு கப்பலுக்கு இருபது கோடி லிட்டர் அளவுக்கு நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. 2023-ல் அங்கே மழை பொய்த்தபோது தினசரிக் கப்பல்களின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டி வந்தது. லாக் என்றால் தண்ணீர்ச் செலவு. ஓக்லாவில் நிற்கும்போது இது நினைவிருக்க வேண்டும்.

இனி பயணம். உங்களுக்கு மெட்ரோ வசதி அருமை. ஆர்.கே.புரம் ஸ்டேஷனிலேயே மெஜந்தா லைனில் ஏறி உட்கார்ந்தால் மாறாமல் ஓக்லாவை ஒட்டிய காளிந்தி குஞ்ச் வரை போய்விடலாம். காலையில் சீக்கிரம் கிளம்பினால் நடுவில் சிராக் தில்லியில் இறங்கி, ஆட்டோ பிடித்து சாகேத் பக்கம் இருக்கும் சத்புலாவை அரை மணி நேரம் பாருங்கள். முகமது பின் துக்ளக் காலத்தில், 1340 வாக்கில், ஜஹான்பனா நகரின் மதில் சுவரோடு சேர்த்துக் கட்டிய நீர்த்தடுப்பு அது. ஏழு பாலம் என்று பெயருக்கு அர்த்தம். நடுவில் ஏழு பெரிய வளைவுகள், ஓரங்களையும் சேர்த்தால் பதினொன்று. கதவுகளை ஏற்றி இறக்கித் தண்ணீரைத் தேக்கியும் விட்டும் பாசனத்துக்குக் கொடுத்தார்கள். நம் ஏரி மதகுக்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. வளைவுகளுக்குள் போய், கதவு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க முடியும், தண்ணீர் எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்று பையனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கதவு என்ற விஷயம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

காளிந்தி குஞ்சில் இறங்கியதும் மூக்கு முதலில் சொல்லிவிடும். ஒளிக்க ஒன்றுமில்லை, யமுனை அங்கே மோசமாக இருக்கிறது. வசீராபாதிலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர்; ஆற்றின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆற்றில் சேரும் அழுக்கில் முக்கால் பங்குக்கு மேல் இந்தத் துண்டில்தான் சேர்கிறது. சத் பூஜை சமயத்தில் டி.வி.யில் காட்டும் வெள்ளை நுரை இங்கேதான். சோப்பும் கழிவும் கலந்த தண்ணீர், ஆற்றை மறித்துக் கதவு வைத்த பராஜ் என்ற அணையின் கதவுகளில் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு அடிபடும்போது நுரைக்கிறது. பராஜுக்கு மேலே தண்ணீர் அமைதியாக நிற்கும், கீழேதான் நுரை. விழுகிற தண்ணீருக்குச் சக்தி உண்டு என்பதற்கு இதைவிடக் கண்கூடான பாடம் கிடையாது, பார்க்க மனசு வலித்தாலும். குழந்தையைத் தண்ணீரில் கை வைக்க விடாதீர்கள். பராஜ் மேலே வண்டிகள் ஓயாமல் போகும், அங்கே நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். படித்துறைப் பக்கமாகப் பாருங்கள். போட்டோ எடுக்கும் முன் அங்கே காவலுக்கு இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நீங்கள் பார்க்கும் பராஜ் பிற்காலத்தது. மூலக் கதை 1874-ல் திறந்த ஆக்ரா கால்வாயுடையது. அதற்காக யமுனைக்குக் குறுக்கே ஓக்லாவில் ஏறத்தாழ 800 கஜ நீளத்துக்கு ஒரு தடுப்பு கட்டினார்கள். கோடைக்கால நீர்மட்டத்துக்கு மேல் வெறும் ஏழு அடி உயரம். நம்மூர் ஏரிக் கலிங்கை ஆற்றுக்குக் குறுக்கே படுக்க வைத்த மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளம் வந்தால் மேலே வழிந்து ஓடும், கோடையில் மட்டத்தை உயர்த்திக் கால்வாய்த் தலைமதகுக்குள் தள்ளும். இதில் என்ன பெரிய விஷயம் என்றால், வட இந்தியாவில் வெறும் பொடி மணல் மேல் ஓர் ஆற்றை மறித்துக் கட்டிய முதல் தடுப்பு இதுதான். தோண்டித் தோண்டிப் போனாலும் பாறை கிடையாது. கல்லைச் சரிவாக, மிக அகலமாகக் கொட்டிப் பரப்பி நிறுத்தினார்கள். சிவில் படிக்கும் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் கல்சரிவுத் தடுப்பணைக்கு இன்றைக்கும் ஓக்லாதான் உதாரணம்.

இந்த இடத்தில் காவிரிக்காரனான எனக்குக் கல்லணை நினைவுக்கு வராமல் இருக்காது. மணல்மேல் கல்லைப் போட்டு, அது இறங்க இறங்க மேலும் போட்டு, அகலத்தால் நிற்க வைக்கும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றேன் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதி வைத்திருக்கிறார். 1836-ல் அவர் கொள்ளிடத்தில் மேலணை கட்டினார், பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணை. மணல் ஆற்றை மறிக்க முடியும் என்ற துணிச்சல் இந்த நாட்டுப் பொறியாளர்களுக்குத் தெற்கிலிருந்து வந்தது என்பது என் உறுதியான எண்ணம். மணலுக்கு அடியில் தண்ணீர் எப்படி ஊர்ந்து போகிறது, எவ்வளவு அகலம் இருந்தால் அடிமணல் அரித்துப் போகாது என்பதற்கான கணக்கு பிறகுதான் வந்தது. 1898-ல் கங்கையின் நரோரா தடுப்பு உடைந்து, அந்த அனுபவத்தையெல்லாம் வைத்து பிளை என்ற பொறியாளர் 1910-ல் சூத்திரம் எழுதினார். ஓக்லா அதற்கு முப்பத்தைந்து வருடம் முன்பே நின்றுகொண்டிருந்தது.

ஆக்ரா கால்வாய் ஆற்றின் வலது கரையில், அதாவது நீங்கள் மெட்ரோவிலிருந்து இறங்கும் தில்லிப் பக்கத்தில், பிரிகிறது. அதன் கரையோடு ஃபரீதாபாத் நோக்கி ஒரு சாலை போகிறது. கால்வாய் ஓடுவது தில்லியிலும் ஹரியாணாவிலும். நிர்வாகம் உத்தரப் பிரதேச நீர்ப்பாசனத் துறை. தண்ணீர் போய்ச் சேருவது மதுரா, ஆக்ரா வயல்களுக்கு. கட்டியபோது பாசனத்துக்கும் படகுக்கும் சேர்த்தே கட்டினார்கள். மதுராவுக்கும் ஆக்ராவுக்கும் படகு போகக் கிளைகள் விட்டார்கள். பிறகு 1904-ல் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள்.

அதே 1904-ல்தான் தில்லி–ஆக்ரா ரயில் பாதை திறந்தது. நாம் ஊருக்குப் போக ஜி.டி.யிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஏறுகிறோமே, ஓக்லா, துக்ளகாபாத், ஃபரீதாபாத் என்று போகும் அதே பாதை. கிழக்கே கொஞ்ச தூரத்தில் கால்வாய் கூடவே வரும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பையனை ஜன்னலோரம் உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள்.

ஆனால் ரயில் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. படகுக்கு வேண்டியது வேறு, பயிருக்கு வேண்டியது வேறு. படகுக்கு ஆழமான, அசையாத, வருஷம் பூராவும் ஒரே மட்டத்தில் நிற்கும் தண்ணீர் வேண்டும். பயிருக்கோ ஓடுகிற தண்ணீர் வேண்டும், அதுவும் முறை வைத்து: இந்த வாரம் இந்தக் கிளை, அடுத்த வாரம் அந்தக் கிளை. இங்கே வாராபந்தி என்பார்கள், நம்மூரில் முறைப்பாசனம். முறை மாறும்போதெல்லாம் மட்டம் ஏறி இறங்கும், படகு தரைதட்டும். கோடையில் தண்ணீருக்கு விவசாயி வாய்க்காலில் காத்து நிற்கும்போது, முப்பது டேங்கர் தண்ணீரை ஒரு படகுக்காக லாக்கில் இறக்க எந்த அதிகாரிக்கு மனசு வரும்? இரண்டு வேலைக்கும் ஒரே கால்வாய் என்பது காகிதத்தில் அழகான யோசனை. தரையில் பயிர் ஜெயித்தது. ஜெயித்ததும் நியாயம்தான்.

இதன் பெரிய உதாரணம் கங்கைக் கால்வாய். புரோபி காட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டி, 1854 ஏப்ரல் 8-ல் திறந்தது. ஹரித்வாரிலிருந்து வரும் நிலம் கால்வாய்க்குத் தேவையானதைவிடச் செங்குத்தாக இறங்குகிறது. அப்படியே விட்டால் தண்ணீர் வேகம் கூடிக் கரையை அறுத்துவிடும். அதனால் வழியில் அங்கங்கே படி வைத்து, ஒரேயடியாக விழ வைத்தார்கள். அந்தப் படிகளை இந்தப் பக்கத்து ஜனங்கள் 'ஜால்' என்கிறார்கள். ஜாலில் படகு குதிக்க முடியாதே. அதனால் பக்கவாட்டில் தனி வாய்க்கால் வெட்டி, அதில் லாக் வைத்தார்கள். அப்படியும் சரிவு அதிகம், வேகம் அதிகம், பாலங்கள் தாழ்வு என்று காட்டன் கடுமையாக விமர்சித்தார். காட்லிக்கும் அவருக்கும் 1860-களில் நடந்த சண்டை பிரசித்தம். கோதாவரி டெல்டா தட்டை நிலம், அங்கே லாக்கும் படகும் நன்றாகவே ஓடின. அந்தக் கண்ணோடு அவர் வடக்கைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றம் நிலத்தின் சரிவிலும் இருந்தது.

நம் ஊரில் லாக் என்றால் பக்கிங்காம் கால்வாய். எழுபதுகளில் திருவல்லிக்கேணியில் மாமா வீட்டுக்குப் போகும்போது அந்தக் கால்வாயைத் தாண்டித்தான் போவோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விறகும், உப்பும் படகில் வந்த காலத்தை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கூவம் போன்ற ஆறுகள் கால்வாயை வெட்டும் இடங்களில் அலையும் வெள்ளமும் மட்டத்தைக் குலைக்காமல் இருக்க லாக்குகள் வைத்தார்கள். சேப்பாக்கம் பக்கத்தில் 'லாக் நகர்' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அந்தக் கால்வாய்க்குள்ளேயே தூண் இறக்கிப் பறக்கும் ரயில் போகிறது. பிள்ளைகளோடு சென்னைக்குப் போகும்போது சேப்பாக்கத்திலிருந்து மயிலை வரை அந்த ரயிலில் போய்க் கீழே பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது நாள் விஷயம். ஓக்லாவுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. பராஜ் தேக்கிய நீர்ப்பரப்பு 1990-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; குளிர்காலத்தில் வெளிநாட்டு வாத்துகள் வந்து இறங்கும். காளிந்தி குஞ்சுக்கு அடுத்த மெட்ரோ ஸ்டேஷனின் பெயரே அதுதான். சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளாமல், முடித்துவிட்டு பொட்டானிக்கல் கார்டன் ஸ்டேஷன் பக்கம் போய்ச் சாப்பிடுங்கள். கட்டுச்சோறு கொண்டுபோனாலும் நுரை வாசத்தில் இறங்காது.

கங்கைக் கால்வாய்க்கு வேறு நாள். வருடா வருடம் தசரா முடிந்து தீபாவளி வரை தூர் வாருவதற்காகக் கால்வாயை அடைத்துவிடுவார்கள். முராத்நகர் வழியாகத் தில்லிக்கு வரும் கங்கைத் தண்ணீரும் அப்போது குறையும். கிழக்குத் தில்லியில் இருப்பவர்களுக்குக் குழாயைத் திறந்தாலே தெரியும். சரஸ்வதி பூஜை முடிந்து வரும் முதல் ஞாயிறு போனால், எப்போதும் தண்ணீருக்கடியில் இருக்கும் தரை, மதகு அடி, ஜாலின் படி எல்லாம் வெளியே தெரியும். கட்டுமானம் பார்க்க வருடத்தில் இந்த இருபது நாள்போல வராது. முராத்நகருக்கு நமோ பாரத் ரயில் போகிறது. மீரட்டுக்கு மேற்கே இருக்கும் போலா கி ஜாலுக்குக் கார் வேண்டும். தில்லியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். தண்ணீர் ஓடும் காலத்தில் போனால் தயவுசெய்து யாரையும் இறங்கிக் குளிக்க விடாதீர்கள். பார்க்கச் சாதுவாக இருக்கும். கரை வழுக்கும், பிடிக்க எதுவும் இருக்காது, ஒவ்வொரு வருடமும் உயிர் போகிறது. கரையிலிருந்தே ஓர் ஆரஞ்சுத் தோலைப் போட்டு, பத்து மீட்டர் போக எத்தனை நொடி என்று பையனை எண்ணச் சொல்லுங்கள். பத்து நொடி என்றால் மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகம். அதற்கு எதிராகச் சுமைப்படகைக் கயிறு கட்டி இழுப்பதை யோசித்துப் பார்க்கட்டும்.

ஜாலில் லாக்கை எப்படித் தேடுவது? விழுகிற தண்ணீரையே பார்க்காமல், அதற்குக் கொஞ்சம் மேலே கரையோரமாகப் பிரிந்து, கீழே போய் மறுபடி சேரும் ஒடுங்கிய வாய்க்கால் தடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்குள் இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தான சுவர், நடுவில் ஒரு படகு நுழையும் அகலம். சுவரில் எதிரெதிரே உள்வாங்கிய குழிவுகள் தெரிந்தால், திறந்த கதவு ஒதுங்கி நிற்க விட்ட இடம் அது. அங்கே இருக்கும் பேல்தாரிடம், அதாவது நம் ஊர் லஸ்கர் மாதிரி கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரிடம், மரியாதையாகக் கேளுங்கள். புத்தகத்தில் இல்லாதது அவர்களுக்குத் தெரியும். குழிவுகள் எத்தனை ஜோடி என்று பையன் எண்ணட்டும். இரண்டு ஜோடி என்றால் ஒரே அறை. மூன்று ஜோடி இருந்தால் ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை, பனாமாவில் இருக்கும் அதே மாடிப்படி.